மஞ்சள் விளக்கும் பெற்றோல் ஆவியும்

மலைநாட்டில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் யாவரையும் ஒருமுறையேனும் கலங்கவைக்கும் விளக்கு ஒன்று உண்டு. வண்டியோட்டியின் கண்ணெதிரே, வேகங்காட்டும் வட்டத்தின் ஓரத்தில், எஞ்சினின் உருவத்தை ஒத்த சிறு சித்திரமாக அது அமைந்திருக்கும். செம்மஞ்சள் நிறமான அதனைச் 'செக் எஞ்சின்' விளக்கு என்று வழங்குவர். திறப்பைத் திருப்பியதும் சிறிது ஒளிர்ந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடுவதே அதன் முறை. அணையாமல் நின்றாலும், ஓட்டத்தின் நடுவே ஒளிர்ந்தாலும், வண்டிக்காரரின் முகம் வாடிவிடுகிறது.

அவ்வேளையில் நம்மவர் செய்வனவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். ஒரு சாரார் பதறியடித்துக்கொண்டு கண்ணிற்பட்ட முதற் கராஜுக்குள் வண்டியை விட்டு, கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவர். இன்னொரு சாரார், வண்டிதான் ஓடுகிறதே என்று விளக்கின்மீது கறுப்பு ரேப் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பர். மூன்றாம் சாரார் பற்றரியின் இணைப்பைக் கழற்றி மீண்டும் மாட்டுவர், விளக்கு அணையும், சில நாளில் மறுபடியும் ஒளிரும். மூவருமே விளக்கோடு போராடுகிறார்களேயன்றி, அது ஒளிர்ந்த காரணத்தை நாடுவதில்லை. அக்காரணங்களுள் பலரும் அறியாத ஒன்றை, அதாவது பெற்றோல் ஆவியைப் பிடித்துவைக்கும் அமைப்பில் நேரும் பழுதை, இங்கு ஆராய்வோம்.

பணக்காரரின் கவலை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை ஆகிய பக்கங்களிலுள்ள தோட்டங்களில் இன்று லயத்துக்கு முன்னால் ஒரு பழைய காரோ வானோ நிற்பது அரிய காட்சியன்று. கொழும்பிலோ கடல் கடந்தோ உழைக்கும் பிள்ளை அனுப்பிய பணமும், லீசிங் கடனும் சேர்ந்து அந்த வண்டி வந்திருக்கும். பகலில் அது வாடகைக்கு ஓடும்; நள்ளிரவில் மேற்பிரிவிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளே ஓடின. அவற்றின் வயதும் கூடிற்று, விலையும் ஏறிற்று. வண்டி பழசாகும்போது முதலில் தளர்வது இறப்பர். நாம் பேசப்போகும் அமைப்பின் உயிர்நாடியும் பெரும்பாலும் இறப்பர்க் குழாய்களும் இறப்பர் வளையங்களுமே.

பெற்றோல் எளிதில் ஆவியாகும் பொருள். மூடிய தாங்கிக்குள் இருந்தாலும், வெயில் ஏற ஏற ஆவி பெருகி வெளியேற வழி தேடும். முற்கால வண்டிகளில் அந்த ஆவி நேரே காற்றிலே கலந்தது. இக்கால வண்டிகளிலோ, அது ஒரு குழாய் வழியாக ஒரு பெட்டிக்குள் செல்கிறது. பெட்டிக்குள் நிறைந்திருப்பது கரி. அடுப்புக் கரியன்று, எண்ணிறந்த நுண்துளைகள் உண்டாகுமாறு பதப்படுத்திய 'செயற்படு காபன்'. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து இவ்வகைக் கரியைச் செய்து உலகெங்கும் அனுப்பும் நாடுகளுள் நம் நாடும் ஒன்று. வண்டிகளின் பெட்டியில் மரத்திலிருந்து செய்த கரியே பெரும்பாலும் இடம்பெறும், தன்மை ஒன்றுதான்.

கரி எவ்வாறு ஆவியைப் பிடிக்கிறது என்பதைத் தோட்டத்து வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. தேயிலைத் தூளை மண்ணெண்ணெய்ப் போத்தலின் அருகே வைத்தால் என்ன ஆகும் என்பதை எந்த வீட்டுப் பெண்ணும் சொல்வாள். தூள் அந்த வாடையைத் தன்மேல் பற்றிக்கொள்ளும். கரியும் அவ்வாறே பெற்றோல் ஆவியைத் தன் துளைகளின் உட்புறமெங்கும் பற்றிக்கொள்கிறது. பின்னர் எஞ்சின் சூடேறி ஓடும்போது, 'பேர்ஜ் வால்வு' என்னும் சிறு கதவு கணினியின் கட்டளைப்படி திறக்கிறது. எஞ்சின் இழுக்கும் விசையினால், வெளிக்காற்று கரியினூடே பாய்ந்து ஆவியை வாரிக்கொண்டு எஞ்சினுக்குள் போய் எரிகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும்போது, பரப்பிய கொழுந்தினூடே காற்றைச் செலுத்தி ஈரத்தை வாங்கும் செயலைக் கண்டவர்கள் இதனையும் எளிதில் மனக்கண்ணிற் காண்பர். கரி மறுபடி வெறுமையாகி, அடுத்த நாள் ஆவிக்கு இடங்கொடுக்கும். இடையே வீணாகக் காற்றிற் போகவிருந்த பெற்றோலும் வேலைக்கு உதவிவிடுகிறது.

இந்த ஏற்பாடு பிறந்த கதை அமெரிக்காவைச் சேர்ந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைக் கண்ணெரிச்சல் தரும் பனிமூட்டம் போன்றதொரு புகை மூடியிருந்தது. கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்து இரசாயன அறிஞர் ஆரி ஹாகன்-சிமிட் 1950களின் தொடக்கத்தில் அதன் மூலத்தை விளக்கினார். வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஐதரோகாபன் ஆவிகள், நைதரசன் ஒட்சைட்டுகளோடு சேர்ந்து, சூரிய ஒளியில் ஓசோனாகவும் பிற நச்சுகளாகவும் மாறுகின்றன என்பதே அவர் கண்ட உண்மை. கட்டுப்பாடு எதுவும் இல்லாத பழைய வண்டியொன்று வெளிவிட்ட ஐதரோகாபன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, புகைக்குழாய் வழியாக அன்றித் தாங்கியிலிருந்தும் காபரேற்றரிலிருந்தும் ஆவியாகவே போயிற்று. ஆகவே 1970இல் கலிபோர்னியாவிலும், 1971இல் அமெரிக்கா முழுவதிலும், புதிய கார்களில் ஆவியைப் பிடிக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்த அமைப்பு ஒழுங்காக இயங்குகிறதா என்று வண்டியே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி 1996ஆம் ஆண்டு வண்டிகளோடு அங்கே முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மஞ்சள் விளக்கு நம் தோட்டத்துச் சாலைவரை வந்து சேர்ந்த வரலாறு இதுவே.

விளக்கு ஒளிரும்போது கணினி ஒரு குறியீட்டைத் தன் நினைவில் பதித்துவைக்கும். ஓட்டுநரின் கால்மாட்டில், டாஷ்போர்ட்டின் கீழே, 16 முனைகள் கொண்ட ஒரு சொருகியில் கருவியைப் பொருத்தினால் அதனைப் படிக்கலாம்; கைப்பேசியோடு இணையும் சிறிய கருவிகளும் இப்பொழுது கிடைக்கின்றன. பி0455 என்றால் ஆவி பெருமளவில் கசிகிறது. பி0442 என்றால் சிறுகசிவு. பி0456 என்றால் மிகச் சிறிய கசிவு. மிகச் சிறியது என்பது எவ்வளவு? அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளை! பி0441 என்றால் கரிப்பெட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ஓட்டம் ஒழுங்கில் இல்லை. பி0443 என்றால் பேர்ஜ் வால்வின் மின்சுற்றில் பழுது.

இங்கே நம் நாட்டவர் நினைவிற் கொள்ளவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்த கார்கள் இந்தக் கசிவைத் தாமே அளந்து பார்க்கும். ஐரோப்பிய விதிகளைத் தழுவிய வண்டிகளோ கசிவை அளக்க வேண்டிய கட்டாயம் அற்றவை. அவற்றிற் பல, வால்வின் மின்சுற்றை மட்டுமே கண்காணிக்கும். ஆகையால் 'பெற்றோல் மூடியை இறுக்கினால் விளக்கு அணைந்துவிடும்' என்று வெளிநாட்டுக் காணொளிகளிற் கேட்கும் புத்திமதி எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது. நம் வண்டி எதற்காகச் செய்யப்பட்டது, அது எதனைச் சோதிக்கும் என்பதை அதன் கையேட்டைப் பார்த்தோ, அறிந்தவரைக் கேட்டோ தெரிந்துகொள்வது முதற்படி.

குறியீடு குற்றவாளியின் பெயரைச் சொல்லும் என்று நம்புவதும் தவறு. எமக்குத் தெரிந்த ஒருவரின் அனுபவம் இதற்குச் சான்று. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த இளைஞர் அவர். பழைய ஜப்பானியக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். விளக்கு ஒளிர்ந்ததும் நகரத்துக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டு சென்றார். அங்கே கருவியைப் பொருத்தி, பி0172, அதாவது பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்று கண்டார்கள். உடனே ஒட்சிசன் உணரியை மாற்றினார்கள். பத்து நாளில் விளக்கு மீண்டது. பின்னர் பிளக்குகளையும் மாற்றினார்கள். மறுபடியும் விளக்கு மீண்டது. லீசிங் தவணைக்கு வைத்திருந்த பணமும் அத்தோடு போயிற்று. மூன்றாவது மாதம், வீட்டு முற்றத்திலேயே வேலை செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் அவர் போனபோது நாமும் உடனிருந்தோம். முதியவர் கருவியை எடுக்கவில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, பெற்றோல் அடிச்ச கையோட ஸ்டார்ட் பண்ணினா வண்டி அடம் பிடிக்குதா?"

"ஆமாங்க ஐயா. செட்டுல நாலு தரம் திருப்பினாத்தான் புடிக்குது. மத்த நேரம் ஒன்னும் இல்லீங்க."

"அதை அவங்ககிட்ட சொன்னியா?"

"அவங்க கேக்கலீங்களே."

பேர்ஜ் வால்வு மூடாமல் திறந்தபடியே சிக்கியிருந்தது. மூடியிருக்க வேண்டிய வேளையிலும் ஆவி எஞ்சினுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. பெற்றோல் நிரப்பும்போது தாங்கியில் ஆவி மிகும். அது முழுவதும் உள்ளே வந்து நிறைந்ததால், உடனே எஞ்சின் பிடிக்கவில்லை. ஓடும்போது எரிபொருள் மிஞ்சியதும் அதனாலேதான். வால்வை மாற்றினார்கள், அதற்கு முன் செலவழித்ததிற் சிறு பங்கே செலவாயிற்று. ஒட்சிசன் உணரி எந்தப் பிழையும் செய்யவில்லை. மிஞ்சுகிறது என்ற உண்மையைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. உண்மை சொன்னவரைத் தண்டித்த கதையாக அதனை மாற்றிவிட்டார்கள்.

இதனால் அறியத்தக்கது யாதெனில், விளக்கும் குறியீடும் பாதிச் செய்தியையே தரும்; மற்றப் பாதி வண்டியை அன்றாடம் ஓட்டுபவரிடம் இருக்கிறது. எப்பொழுது ஒளிர்ந்தது? பெற்றோல் நிரப்பிய பின்னரா? மழையில் ஓடிய பின்னரா? பெற்றோல் வாடை அடிக்கிறதா? சும்மா நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறதா? இவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு போகிற வண்டிக்காரர், பாதி வைத்தியத்தைத் தாமே முடித்துவிடுகிறார்.

ஆராயும் ஒழுங்கு செலவில்லாததிலிருந்து செலவுள்ளதை நோக்கிச் செல்ல வேண்டும். முதலாவது, குறியீட்டை எழுதிக்கொள்ளாமல் அழித்தலாகாது. இரண்டாவது, தாங்கியின் மூடி. அதன் உட்புறத்து இறப்பர் வளையம், நம் அடுக்களைப் பிரஷர் குக்கரின் வளையத்தைப் போன்றது. வெடித்திருந்தாலோ, காய்ந்திருந்தாலோ, மண் ஒட்டியிருந்தாலோ ஆவி நிற்காது. துடைத்து, 'டக்' என்ற ஓசை கேட்கும்வரை திருப்பி மூட வேண்டும். மூன்றாவது, குழாய்கள். எஞ்சினுக்கு அருகிலும் தாங்கிக்கு அருகிலும் உள்ள வளைவுகளிலேதான் பெரும்பாலும் வெடிப்பு விழும். நான்காவது, பேர்ஜ் வால்வு. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, அதனைக் கழற்றிக் கைப்பம்பினால் மெல்லக் காற்றைச் செலுத்தினால், மின்சாரம் இல்லாத நிலையில் காற்றுப் போகக்கூடாது; போனால் வால்வு பழுது. ஐந்தாவது, கரிப்பெட்டி. அது வழக்கத்தினும் கனத்திருந்தால் உள்ளே பெற்றோல் புகுந்திருக்கிறது. குழாயிற் கருமணிகள் தென்பட்டால் பெட்டி உடைந்திருக்கிறது. இவ்வளவிலும் அகப்படாவிடில், புகையை மென்மையான அமுக்கத்திற் செலுத்திக் கசிவைக் காணும் இயந்திரம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். ரயருக்குக் காற்றடிக்கும் பம்பினால் இதனைச் செய்து பார்க்கத் துணிதல் கூடாது; தாங்கி வெடிக்கவும் தீப்பிடிக்கவும் இடமுண்டு.

கரிப்பெட்டியைக் கெடுக்கும் வழக்கம் ஒன்றை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெற்றோல் செட்டில் பம்ப் தானாக நின்றபின்னும், 'கணக்கை முழுசாக்குங்கள்' என்று சொல்லி மேலும் மேலும் அடிப்பிப்பது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடும், நாட்கணக்கில் நீண்ட வரிசைகளும், அவ்வாண்டு யூலையில் வந்த கியூஆர் அட்டை முறையும் நமக்கு ஒரு பயத்தைக் கற்றுத்தந்தன. கிடைக்கும்போது விளிம்புவரை நிரப்பிக்கொள்ளும் பழக்கம் வேரூன்றிற்று. ஆவிக்கென விட்ட இடத்தில் பெற்றோலே நின்றால், அது கரிக்குள் வழிந்துவிடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. பம்ப் நின்றதும் நிறுத்துவதே நன்று.

மலைப்பாதைக்கென ஒரு செய்தியும் உண்டு. பதுளை ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உள்ளன. அப்புத்தளையில் காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. வெல்லவாயவின் வெயிலிற் காய்ந்த வண்டி, கொஸ்லந்தை, பெரகலை வழியாக ஏறும்போது, தாங்கிக்குள் பெற்றோல் மேலும் எளிதில் ஆவியாகும். மேலே வந்து மூடியைத் திறக்கையில் 'உஸ்' என்ற ஓசை எழுந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அமைப்பு காற்றிறுக்கமாக இருப்பதற்கு அது அடையாளமாகவும் அமையும். கசிவைத் தாமே அளக்கும் வண்டிகள், எண்ணாயிரம் அடிக்கு மேல் அச்சோதனையை நிறுத்திவைக்க அமெரிக்க விதிகள் இடமளிக்கின்றன. நம் நாட்டில் அந்த உயரத்தைத் தாண்டுவது பீதுருதலாகல உச்சி ஒன்றே. ஆகவே ஊவாவின் எந்தத் தோட்டத்திலும் 'மலை உயரத்தால் விளக்கு எரிகிறது' என்ற சமாதானத்துக்கு இடமில்லை.

மலை உயரத்தைவிட நம் பாதையின் சேறும் புழுதியுமே கவனிக்கத்தக்கவை. கரிப்பெட்டிக்குள் வெளிக்காற்று புகும் வாய் வண்டியின் அடிப்புறத்தில் இருக்கும். அது அடைபட்டால் தாங்கி மூச்சுவிட முடியாமல் திணறும். அதனை அடைக்கச் சேறுதான் வேண்டுமென்பதில்லை. 2011ஆம் ஆண்டு மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 65,000 கார்களைத் திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தது. காரணம், பெற்றோல் வாடையால் ஈர்க்கப்பட்ட ஒருவகை மஞ்சட் சிலந்தி அந்த வாய்க்குழாய்க்குள் வலை பின்னியதே! 2014இல் மீண்டும் 42,000 கார்களை அழைக்க நேர்ந்தது. காற்றுப் புகாத தாங்கி உள்நோக்கி இழுபட்டு வெடிக்கக்கூடும் என்பதே அவர்களின் அச்சம். வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் குளவியும் எறும்பும் கூடு கட்டுவதை நாமும் காண்கிறோம் அல்லவா?

பழுதை நீக்கியபின் பொறுமை வேண்டும். பொதுவாக இருமுறை அடுத்தடுத்த ஓட்டங்களில் பிழை கண்ட பின்னரே கணினி விளக்கை ஏற்றுகிறது. அதுபோல மூன்று ஓட்டங்கள் பிழையின்றிக் கழிந்த பின்னரே அணைக்கிறது. கசிவுச் சோதனையோ தாங்கி மிக நிறைந்தோ மிகக் குறைந்தோ இராத வேளையில்தான் நடைபெறும். ஆகவே மூடியை மாற்றிய அன்றே விளக்கு அணையவில்லை என்று மனம் சோர்ந்து வேறொரு பாகத்தை மாற்றக் கூடாது.

எப்பொழுது பொறுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து ஆராயலாம். விட்டுவிட்டு மின்னினால், எஞ்சினில் எரிதல் தவறுகிறது என்று பொருள். வேகத்தைத் தணித்து, கூடிய விரைவில் நிறுத்த வேண்டும். எண்ணெய்க் குவளையோ வெப்பமானியோ சிவப்பாக ஒளிர்ந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோல் வாடை கடுமையாக வீசினால், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் வண்டியை ஓட்டலாகாது. அருகில் பீடிக்கும் தீக்குச்சிக்கும் இடமே இல்லை. லயத்தின் சுவரோடு சுவராக நிற்கும் வண்டி அது. சுவருக்கு அப்பால் உறங்குவன குழந்தைகள்.

ஆண்டுதோறும் வருமான உத்தரவுப்பத்திரம் பெறுவதற்காக நாம் செய்விக்கும் புகைப் பரிசோதனை, புகைக்குழாயின் வாயை மட்டுமே பார்க்கிறது. தாங்கியிலிருந்து களவாகப் போகும் ஆவியை அது காணாது. அதனைக் காணக்கூடியவர் வண்டியின் சொந்தக்காரரே. அவருக்கு உதவியாக ஒரு விளக்கையும் வைத்துத்தான் வண்டியைச் செய்திருக்கிறார்கள். விற்கும்போது பற்றரியைக் கழற்றி அதனை அணைப்பவர்கள் நம்மிடையே உண்டு. பழைய வண்டி வாங்குவோர் திறப்பைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒருமுறை ஒளிர்கிறதா என்று பார்க்கட்டும்; ஒளிரவே இல்லையென்றால், யாரோ அதன் வாயைக் கட்டிவிட்டார்கள் என்று கொள்ளலாம்.

கராஜுக்குப் போகிறவர் பணத்தை எண்ணுவதற்கு முன், தாம் கண்டதையும் கேட்டதையும் முகர்ந்ததையும் எண்ணிக்கொண்டு போவாராக. அங்கே முதலில் பாகத்தின் விலையைச் சொல்பவரைவிட, முதலில் கேள்வி கேட்பவரிடம் வண்டியை ஒப்படைப்பதே நலம்.